ஸ்காபரோவில் ஒரு ஜமைக்கா உணவகமும் கூலி என்ற சொல்லும்

கனடாவில் வாழும் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளிலேயே என் பொழுது கழிந்துவிடும். காலையில் இடியப்பமும் சொதியும், மாலையில் கொத்து றொட்டி, இடையில் தமிழ்ப் பத்திரிகைகள். வெள்ளவத்தையை விட்டு வந்ததாகவே தோன்றாது. கடந்த முறை சென்றிருந்தபோது ஒரு சனிக்கிழமை மதியம் மருமகன், "மாமா, இன்றைக்கு எங்கள் சாப்பாடு வேண்டாம். அடுத்த சந்தியில் ஒரு ஜமைக்காக் கடை இருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்தார். பேரனும் எங்களுடன் வந்தான்.

ரொறன்ரோவின் புறநகர்களில் இத்தகைய கடைகள் ஏராளம். பெருவீதியை ஒட்டி ஒரு வாகனத் தரிப்பிடம், அதன் பின்னால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கடைகள். சலவைக்கடைக்கும் வாகனம் ஓட்டப் பயிற்றும் நிலையத்திற்கும் நடுவே அந்த உணவகம் இருந்தது. ஐந்து மேசைகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டங்களில் கறிகள். சுவரில் ஒரு தொலைக்காட்சி. பெரும்பாலானோர் வரிசையில் நின்று பெட்டியில் உணவை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இருந்து உண்பவர்கள் எங்களைப்போன்ற சிலர்தான்.

பரிமாறியவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கடையின் உரிமையாளரும் அவரே. நாங்கள் எந்த நாட்டவர் என்று கேட்டார். இலங்கை என்றேன். அடுத்த கணமே, "முரளிதரன்! எங்கள் வொல்ஷின் சாதனையை முறியடித்தவர் அல்லவா?" என்றார்.

வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஜமைக்காவைச் சேர்ந்த கோட்னி வொல்ஷ் 2001-இல் ஓய்வு பெற்றபோது 519 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் உலகின் முதலிடத்தில் இருந்தார். 2004 மே மாதம் ஹராரேயில் முத்தையா முரளிதரன் அந்த எண்ணிக்கையைக் கடந்தார். நாங்கள் கொண்டாடிய அந்த நாள் ஜமைக்காவில் ஒரு சிறிய இழப்பாக நினைவில் இருக்கும் என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அம்மையார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முரளியின் பெயரை அவர் எடுத்தது அன்று எனக்கு ஒரு முகமனாகவே பட்டது. அது எங்கே கொண்டுபோய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ஆட்டிறைச்சிக் கறியும் சோறும், மருமகனுக்கு அக்கியும் உப்புமீனும், பேரனுக்கு ஒரு பற்றி. எங்கள் பற்றிஸ் போலவே அரைவட்ட வடிவம், ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் சூளையில் சுட்டது. மேல்மா மஞ்சள் நிறமாக இருக்கும். உள்ளே உறைப்பாகச் சமைத்த அரைத்த மாட்டிறைச்சி. இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலிருந்து போன மாப்பண்டம், ஜமைக்காவில் மஞ்சளும் மிளகாயும் ஏறி இந்த உருவம் பெற்றது என்பர்.

இந்தச் சிறு பண்டத்திற்காக ரொறன்ரோவில் ஒரு போராட்டமே நடந்திருக்கிறது. 1985 பெப்ரவரியில் கனடாவின் மத்திய அரசு அதிகாரிகள் ஜமைக்காக் கடைகளுக்கு வந்து, மாட்டிறைச்சிப் பற்றி என்ற பெயரை நீக்குமாறு பணித்தனர். சட்டத்தின்படி அந்தப் பெயர் இறைச்சியை மட்டும் தட்டையாகத் தட்டிச் செய்யும் வில்லைக்கே உரியது, மாவுக்குள் வைத்தால் அப்பெயர் பொருந்தாது என்பது அவர்களின் வாதம். மீறினால் 5,000 டொலர் வரை தண்டம். கடைக்காரர்கள் பணியவில்லை. செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. முடிவில் ஜமைக்காப் பற்றி என்று அழைக்கலாம் என இணக்கம் ஏற்பட்டது. 2012 முதல் பெப்ரவரி 23-ஆம் திகதியை ரொறன்ரோவில் பற்றி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பெயர் மட்டும்தானே என்று கேட்கலாம். அந்தப் பெயருக்காக நின்றவர்கள் எப்படிக் கனடாவுக்கு வந்தார்கள் என்பதை அறிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம். 1955-இல் கனடா மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களைத் தருவிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. முதலாண்டில் வந்தவர்கள் 100 பேர். அவர்களுள் 75 பேர் ஜமைக்காவினர், 25 பேர் பார்படோசினர். 18 வயதிலிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது, பிள்ளைகள் இருக்கக் கூடாது, ஓராண்டு வீட்டுவேலை செய்ய வேண்டும். அதன்பின் நிரந்தரமாகத் தங்கலாம். ஆசிரியைகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்த பெண்கள்கூட இந்த வாயிலால் நுழைந்து பிறர் வீட்டு அடுப்படியில் நின்றார்கள். 1966-இல் ஜமைக்காவிலிருந்து 264 ஆண்கள் ஒன்ராறியோவின் பண்ணைகளுக்குப் பருவகாலக் கூலிகளாக வந்தனர். 1967-இல் புள்ளி முறை வந்த பின்னரே இனம் பாராத குடிவரவுக்கு வழி பிறந்தது. அம்மையாரின் பெரியம்மா அந்த வீட்டுப்பணித் திட்டத்தில் வந்தவராம். அவர் அழைத்துத்தான் குடும்பம் வந்தது.

மருமகனின் தட்டில் இருந்தது ஜமைக்காவின் தேசிய உணவு. அக்கி என்பது மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் போன ஒரு பழம். தானாகவே வெடித்துத் திறக்கும்வரை மரத்தில் விட வேண்டும். முதிராத காயில் நஞ்சு உண்டு. வேகவைத்தால் முட்டைப் பொரியல் போல இருக்கும். அதனுடன் வெங்காயம், தக்காளி, மிளகாய் சேர்த்து வதக்கிய உப்பிட்ட கொட் மீன். நாவில் பட்டதும் எங்கள் ஊர்க் கருவாட்டின் ஞாபகம் வந்தது.

ஆனால் கொட் மீன் ஜமைக்காவின் வெதுவெதுப்பான கடலில் கிடையாது. அது குளிர்ந்த வட அத்திலாந்திக்கின் மீன். நியூபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் பிடித்து, உப்பிட்டு, உலர்த்தி, தரம் பிரிப்பார்கள். நல்ல தரம் ஐரோப்பாவுக்குப் போகும். உடைந்ததும் சரியாகப் பதப்படாததுமான கடைசித் தரத்திற்கு மேற்கிந்தியத் தீவுத் தரம் என்றே பெயர். அது கரும்புத் தோட்டங்களின் அடிமைகளுக்குரிய உணவு. திரும்பி வரும் கப்பல்களில் ரம் சாராயமும் கரும்புப் பாகும் வந்தன. கனடாவின் கிழக்குக் கரையில் இன்றும் ரம்முக்கு இருக்கும் மவுசு அந்தக் கொடுக்கல் வாங்கலின் மிச்சம்.

நியூபவுண்ட்லாந்து என்றதும் எமக்கு வேறொன்றும் நினைவு வரும். 1986 ஓகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கைவிடப்பட்டுக் கடலில் மிதந்த 150-க்கும் மேற்பட்ட ஈழத்தமிழரைக் கண்டு கரைசேர்க்க உதவியவர்கள் அந்தக் கரையின் மீனவர்களே. மருமகனிடம் அதைச் சொன்னேன். தட்டில் இருந்த மீனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் உண்டார். 1992-இல் அங்கு கொட் மீன்பிடிக்குத் தடை விதிக்கப்பட்டபோது அந்த மீனவர்களில் பெரும்பாலோர் தொழிலை இழந்தனர்.

அடிமைகளுக்கு மலிவாக உணவளிப்பது எவ்வாறு என்ற கேள்வி அக்காலத்தில் அரசாங்கங்களின் கேள்வியாக இருந்தது. அமெரிக்கப் புரட்சியால் வட அமெரிக்காவிலிருந்து உணவு வரவு தடைப்பட்டது. புயல்களும் சேர்ந்துகொண்டன. 1780-இற்கும் 1787-இற்கும் இடையில் சுமார் 15,000 அடிமைகள் பட்டினியாலும் அதனால் வந்த நோய்களாலும் மாண்டதாக ஜமைக்காச் சட்டசபையே கணக்கிட்டது. அதன் விளைவாகவே தஹித்தியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளைக் கொண்டுவருமாறு கப்டன் பிளை பவுண்டி என்ற கப்பலில் அனுப்பப்பட்டார். 1789-இல் அவருக்கு எதிராக மாலுமிகள் கலகம் செய்த கதையைப் பலரும் திரைப்படங்களில் பார்த்திருப்பர். அவர் இரண்டாம் முறை புறப்பட்டு 1793-இல் ஜமைக்காவில் கன்றுகளை இறக்கினார். எங்கள் வீடுகளில் தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கும் அதே ஈரப்பலாதான். அங்கே அதைத் தீயில் சுட்டு உண்கிறார்கள்.

இனி என் தட்டுக்கு வருகிறேன். சிவப்பு அவரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த சோறு. பொரித்த வாழைப்பழத் துண்டுகள். எலும்போடு வெட்டிய ஆட்டிறைச்சிக் கறி. யாழ்ப்பாணத்துக் கறியைப்போலச் சிவந்து கறுத்த நிறமாக இல்லை, மஞ்சள் தூக்கலாக இருந்தது. கறித்தூளை முதலில் சூடான எண்ணெயில் கருக்கிவிட்டு இறைச்சியைப் போடுவார்களாம். உறைப்பு எங்கள் மிளகாயின் உறைப்பன்று, வாசனையோடு கூடிய வேறொரு உறைப்பு. ஆயினும் அது கறிதான். எவரும் ஐயுற முடியாது. ஜமைக்காவில் திருமண வீட்டிலும் மரண வீட்டிலும் இதுவே விருந்து.

"இந்தக் கறியை உங்களுக்கு யார் கற்றுத் தந்தார்கள்?" என்று அம்மையாரிடம் கேட்டேன்.

"கூலி மக்கள்" என்றார். குரலில் எந்த இளக்காரமும் இல்லை. "என் தாயின் பாட்டியும் ஒரு கூலிப் பெண்தான். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அது என் மொழிச் சொல் என்றும், வேலைக்குக் கொடுக்கும் ஊதியம் என்பதே அதன் பொருள் என்றும் சொன்னேன். குஜராத்தின் கோலி இனத்தவரின் பெயரிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. அதையும் சொன்னேன். அவர் சற்றுநேரம் யோசித்தார்.

"ஊதியமா? அப்படியானால் அந்தப் பாட்டிக்கு அதாவது இருந்தது. என் மற்றப் பாட்டன்மாருக்கு அதுவும் இல்லை" என்றார். வரிசையில் ஆட்கள் நின்றதால் மேடைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் இரண்டு வசனங்களில் சொல்லிப் போனதன் விரிவு இதுதான். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834 ஓகஸ்ட் 1-ஆம் திகதி சட்டப்படி ஒழிந்தது. அப்போது ஜமைக்காவில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். அடிமைகளை இழந்த முதலாளிமாருக்குப் பிரித்தானியா 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கியது. அடிமைகளுக்கு ஒரு சதமும் வழங்கப்படவில்லை. தொழில்பயிலுநர் என்ற பெயரில் மேலும் நான்காண்டுகள் அவர்கள் பழைய எசமானர்களிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. 1838-இல் முழு விடுதலை கிடைத்ததும் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினர். வெட்டப்படாத கரும்பு காய்ந்தது, மலைகளில் கோப்பி உதிர்ந்தது.

முதலாளிமார் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1845 மே 10-ஆம் திகதி மெய்ட்ஸ்டன் என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரின் முதலாவது தொகுதியினரோடு கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் குடாவை அடைந்தது. 1917 வரையில் சுமார் 36,000 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பான்மையோர் வட இந்தியர். ஆயினும் தொடக்க ஆண்டுகளிலேயே சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். மஞ்சளும் மல்லியும் சீரகமும் அந்தத் தீவின் அடுப்புக்கு ஏறியது அவ்வாறே. அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பவில்லை.

இதுவரை கூறியது ஜமைக்காவின் வரலாறு. அது எங்கள் வரலாறும் ஆகும் இடம் ஒன்று உண்டு. அது கோப்பி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியரின் கோப்பியில் பெரும்பங்கு ஜமைக்காவின் மலைகளில் விளைந்தது. அடிமைமுறை முடிவுக்கு வரும் காலத்தில் அவ்விளைச்சல் சரிந்தது. 1835-இல் இலங்கைக் கோப்பிக்கு இங்கிலாந்தில் விதிக்கப்பட்ட தீர்வை குறைக்கப்பட்டு, மேற்கிந்தியத் தீவுக் கோப்பியின் தீர்வைக்குச் சமமாக்கப்பட்டது. மூலதனம் எங்கள் மலைகளை நோக்கி வந்தது. 1837-இல் ஆர். பி. டைட்லர் என்ற இளைஞர் கண்டிப் பகுதிக்கு வந்தார். கோப்பிப் பயிர்ச்செய்கையை அவர் கற்ற இடம் ஜமைக்கா. மேற்கிந்தியத் தீவு முறை என்று இலங்கைத் துரைமார் அழைத்த அந்தப் பயிர்முறையை இங்கே பரப்பியவர் அவரே. 1840களில் கண்டி மலைக்காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. அங்கே வேலை செய்ய அழைத்துவரப்பட்டவர்கள் தமிழ்நாட்டின் ஏழை விவசாயக் குடும்பங்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். கொலராவாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். 1869-இற்குப் பின் இலைநோயால் கோப்பி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

ஆக, ஜமைக்காவில் ஓர் அடிமைச் சங்கிலி அறுந்தபோது அதன் ஒரு முனையில் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் புறப்பட்டது. மறுமுனையில் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கண்டி மலைக்கு மனிதர்கள் நடந்தார்கள். அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம். இங்கே கங்காணியும் கடனும். தொழிலாளி பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போகவிடாத துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அந்த அம்மையாரின் பூட்டியும் எங்கள் மலையகத்து மக்களின் முன்னோரும் ஒரே காரணத்தால் ஊரைவிட்டவர்கள். போன திசைதான் வேறு.

பின்கதையும் வேறாயிற்று. 1962-இல் ஜமைக்கா சுதந்திரமடைந்தபோது அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் அந்நாட்டின் பிரஜைகளாகவே புதிய நாட்டுக்குள் நுழைந்தனர். அவர்கள் இழிவுகளைச் சந்திக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடற்றவர்களாக்கப்படவில்லை. சுதந்திர இலங்கையோ 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் பறித்தது. 1964-இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கலுக்குச் சட்டம் முடிவு கண்டது 2003-இல்தான்.

இதையெல்லாம் அந்தச் சிறிய மேசையில் இருந்து எண்ணியபோது, ஒரு பழைய கடிதம் நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதிவிடுவதே முறை.

1974 ஜனவரி. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் இளம் உதவி ஆசிரியன். யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. மாநாட்டின் இறுதி நாளான 10-ஆம் திகதி நடந்த உயிரிழப்புகளால் நாங்கள் கொதித்துப்போயிருந்தோம். பக்கங்கள் முழுவதும் அதுவே. அந்த நாட்களில் மலையகத்திலிருந்து எங்கள் நிருபர் ஒருவர் தபாலில் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிகிறார்கள் என்று லயன் லயனாகப் பெயர்களோடு எழுதியிருந்தார். அதை நான்கு வரிகளாகச் சுருக்கி உள்பக்கத்தில் போட்டேன். யாரும் எனக்கு அப்படிச் செய்யுமாறு கட்டளையிடவில்லை. இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர்களை முற்றாக நீக்கினேன். தமிழுக்கு நேர்ந்த அவலத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய அதே கை, தமிழர் சிலரின் சாவை நான்கு வரியில் முடித்தது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தில் பிறந்த எனக்கு அவர்கள் தோட்டத்து ஆட்கள். எங்கள் வீட்டிலும் அவர்களைக் குறிக்க ஓர் இழிசொல் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். வாசகர்களுக்குத் தெரியும்.

அந்த நிருபர் அதன்பின்பும் பல ஆண்டுகள் எழுதினார். ஒருநாளும் என்னிடம் அதுபற்றிக் கேட்கவில்லை. அவர் இப்போது உயிரோடில்லை.

முரளிதரனின் பாட்டனார் 1920-இல் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். பேரன் விக்கெட்டுகளை வீழ்த்தியபோது அவரை எங்கள் தமிழன் என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை, எனக்கும் இருக்கவில்லை. பாட்டனார்களின் காலத்தில் அந்த உரிமை எங்கே போயிற்று என்று நான் என்னையே கேட்டுக்கொள்ள ஒரு ஜமைக்காப் பெண்மணி தேவைப்பட்டார்.

புறப்படும்போது பணம் கொடுத்தோம். பேரன் குடித்த இஞ்சிப் பானத்திற்கு அம்மையார் காசு வாங்கவில்லை. கறி எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது, எங்கள் வீட்டுக் கறியின் உறவுக்காரி போல இருந்தது என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் பேரன் கேட்டான்: "அம்மப்பா, கூலி என்றால் கூடாத சொல்லா?"

இல்லை மகனே, வேலை செய்தவனுக்குக் கொடுக்க வேண்டிய பணம் என்று அர்த்தம் என்றேன். கொடுத்தார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. வீடு வரும்வரை அதற்கே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.